நட்சத்திரம் இல்லை, நாளை வரவும்

போகிக்கு முந்தின நாள் சாயங்காலம். என் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு பேர் அளவெடுத்துக்கொண்டிருந்தோம். நான் வானத்தை, என் மனைவி மல்லிகா மாடியை.

அவள் கையில் தையல் டேப். ஒரு முனையைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு இன்னொரு முனையை என் காலடிவரை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"காலத் தூக்குங்க. இந்தத் தூண் மட்டும் நடுவுல இல்லன்னா தாராளமா எட்டு மிஷின் போடலாம்."

"இன்னும் ஒரு ராத்திரி பாக்கி இருக்குது" என்றேன்.

"இருக்குது, இருக்குது. நாளைக்கு சாயங்காலம் வெல்டர் வரான். அதுவரைக்கும் உங்களுதுதான்."

ஒப்பந்தம் இதுதான். அவளுடைய தையல் வகுப்பு கூடத்தில் கொள்ளவில்லை, மாடியில் ஷீட் போட வேண்டும். என் தொலைநோக்கிக்கு மாடி திறந்தே கிடக்க வேண்டும். பொங்கலுக்குள் நான் ஒரே ஒரு நல்ல வானப் படம் எடுத்துக் காட்டிவிட்டால் மாடி எனக்கு. இல்லையென்றால் ஷீட். போகியன்று செஞ்சியே குப்பையைக் கொளுத்தும், புகையில் வானம் தெரியாது. ஆக அன்றைய சாயங்காலம்தான் எனக்குக் கடைசி.

என் எதிரில் மேஜைமேல் லேப்டாப். திரையில் மூன்று மாதமாகத் தெரிகிற அதே வாசகம்: நட்சத்திரம் கிடைக்கவில்லை.

தலையைத் தூக்கினால் ஆகாயம் முழுக்க நட்சத்திரம்.

முதுகில் ஒரு கண்

தொலைநோக்கி எனக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை முன்பே எழுதிவிட்டேன். அதைப் படித்த வாசகி ஒருவர், "அதற்கு எதற்குக் கம்ப்யூட்டர்? கண்ணால் பார்த்தால் போதாதா?" என்று கேட்டிருந்தார். மல்லிகாவும் இதையே கேட்டாள். இரண்டு பேருக்கும் ஒரே பதில்.

பூமி சுற்றுகிறது, அதனால் நட்சத்திரங்கள் நகர்கின்றன. நகரும் நட்சத்திரத்தோடு தொலைநோக்கியையும் மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கும் மோட்டார் வைத்த தாங்கிக்கு மவுண்ட் என்று பெயர். மோட்டார் கொஞ்சம் பிசகும். பிசகினால் படத்தில் நட்சத்திரம் புள்ளியாக விழாது, புழுவாக நெளியும். அதைத் தடுக்கத்தான் கைடிங். பெரிய தொலைநோக்கியின் முதுகில் ஒரு சின்னத் தொலைநோக்கி, அதன் பின்னால் ஒரு சின்ன கேமரா. அது ஒரே ஒரு நட்சத்திரத்தை வைத்த கண் வாங்காமல் பார்க்கும். இம்மி விலகினாலும் லேப்டாப்புக்கு வத்தி வைக்கும். லேப்டாப் மோட்டாரை அதட்டும்.

கேட்க எளிது. கம்ப்யூட்டர் என்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்ற திமிரும் இருந்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையும் ஆன்லைன் சேவையும் வைத்திருப்பவன் நான். பட்டா, வருமானச் சான்று, ஆதார் திருத்தம் எல்லாம் என் விரல் நுனியில்.

அட்டை

என் கடையில் ஓர் அட்டை தொங்கும். ஒரு பக்கம் வெறுமை. மறு பக்கம், "சர்வர் இல்லை. நாளை வரவும்."

இந்தத் தொழிலில் அந்த அட்டையைப் போல ஒரு கருவி கிடையாது. சர்வர் வேலை செய்யாத நாளில் தொங்கவிடுவேன். சர்வர் நன்றாக இருந்து நான் வேலை செய்ய விரும்பாத நாளிலும் தொங்கவிடுவேன். மழை முடிந்து வானம் தெளிந்த நாட்களில் ஐந்து மணிக்கே சர்வர் படுத்துவிடும். ஐந்தரைக்கு நான் மாடியில் இருப்பேன்.

அந்த அட்டையை அதிகம் படித்தவர் பனமலை கிராமத்துக் கோவிந்தன். ரோட்டுக்குத் தார் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் நிற்காமல் வரவேண்டுமானால் வருஷத்துக்கு ஒரு தடவை அவர் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். நேரில் நின்று "இருக்கேன்" என்று சொன்னால் போதாது. கைரேகை மெஷினில் கட்டைவிரலை வைக்க வேண்டும். மெஷின் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மெஷின் ஒப்புக்கொள்ளவில்லை. கைரேகை பொருந்தவில்லை என்று சிவப்பில் காட்டியது.

"தார்ல கெடந்த கை, தேஞ்சி போச்சி. அதான்" என்று விளக்கினேன்.

"போன வருஷம் ஒடனே விழுந்துச்சே தம்பி?"

"போன வருஷம் சர்வர் நல்லா இருந்திச்சி. நாளைக்கு வாங்க."

தேய்ந்த விரலா, சர்வரா, எது காரணம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அன்றன்றைக்கு வாயில் எது வருகிறதோ அது. மறுபடி பஸ் ஏறி வருவார், மறுபடி சிவப்பு விழும். "நான் இருக்கறன் தம்பி" என்று மெஷினைப் பார்த்துச் சொல்வார்.

அவருக்கு மட்டுமல்ல, அந்த மூன்று மாதமும் நிறைய வயசாளிகளுக்கு இப்படித்தான். ஜனங்களின் கட்டைவிரல் ஏன் இப்படித் தேய்கிறது என்று நான் வருத்தப்பட்டதுகூட உண்டு.

வடக்கே தலை

மாடித் தூணின் கதைக்கு வருகிறேன். மவுண்ட் அசையாமல் நிற்க நான் மாடி நடுவில் கட்டிய குட்டைத் தூண் அது. மவுண்ட்டின் அச்சு வான வட துருவத்தைப் பார்க்க வேண்டும். துருவ நட்சத்திரம் நம் ஊரில் மிகத் தாழ்வாக, ஏறக்குறைய கைப்பிடிச் சுவருக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். அதைக் குறி வைக்க, வடக்கே தலை நீட்டித் தரையில் குப்புறப் படுத்தேன்.

எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டார். வடக்கே தலை வைத்துப் படுப்பது எந்தச் சந்தர்ப்பத்தில் என்பது ஊரறிந்தது. "ஏழுமலைக்கு இன்னாம்மா ஆச்சு?" என்று மல்லிகாவிடம் துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டிருக்கிறார்.

துருவம் இவ்வளவு தாழ்வில் இருப்பதால் இன்னொரு விளைவு. வேலை ஆரம்பிக்கும்முன் தொலைநோக்கி வடக்கு பார்த்து, ஏறக்குறைய படுத்த வாக்கில் நிற்கும். மாடிப்படி வந்து முடிவதும் வடக்குப் பக்கம்தான். படியேறி வருகிறவர் முகத்தைத் தொலைநோக்கி நேருக்கு நேர் பார்க்கும். நான் மட்டும் எப்போதும் அதன் பின்னால் தெற்கில் நிற்பேன். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துணைக்கு வருகிறவர் நண்பர் தரணேந்திரன். மேல்சித்தாமூர் ஜைனக் குடும்பம், செஞ்சியில் அரிசிக் கடை. பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார். சூரியன் எத்தனை மணிக்கு மறையும் என்று நான் லேப்டாப்பில் தேடிக்கொண்டிருக்கும்போதே, அவர் சாப்பிட்டுக் கைகழுவி மாடிக்கு வந்துவிடுவார். அவர் வயிறு தவறி நான் பார்த்ததில்லை. என் மவுண்ட் தவறாத நாளைப் பார்த்ததில்லை.

அமாவாசையும் ஆலோசனையும்

வானப் படத்துக்கு அமாவாசை உத்தமம். மேல்மலையனூருக்கும் அமாவாசைதான் உத்தமம். மாதத்தில் வானம் நன்றாக இருட்டும் ஒரே நாளில், எங்கள் ஊரில் எல்லா விளக்கும் எரியும். அங்காளம்மனுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்கள் வரிசையாக ஹாரன் அடித்துப் போகும். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் என் மாடி ஒரு தடவை அதிரும். அதிராத நேரத்தில் லேப்டாப் சொல்லும்: நட்சத்திரம் கிடைக்கவில்லை.

கேபிளை மாற்றினேன். மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். தெருவிளக்கின் மேல் சந்தேகப்பட்டு, அதற்கு ஒரு கோணிப்பையைக் கட்டினேன். மறுநாள் லைன்மேன் வந்து என்னைத் திட்டி அவிழ்த்தார். திரையில் மட்டும் சாம்பல் பூத்த மூட்டம் விலகவே இல்லை.

வானியல் ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்து முறையிட்டேன். ஒருவர் கேமராவை மாற்றச் சொன்னார். ஒருவர் மவுண்ட்டை மாற்றச் சொன்னார். ஒருவர் ஊரை மாற்றச் சொன்னார். கடைசியாக ஒரு புதியவர், "அண்ணா, லென்ஸைத் துடைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அந்த லென்ஸில் பகலில் செஞ்சிக் கோட்டை ராஜகிரி உச்சிக் குரங்கின் மீசையை எண்ணியவன் நான், என்னிடமா இந்த அரிச்சுவடி என்று நீளமாக எழுதிவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினேன். குரங்கைப் பார்த்தது ஆயுத பூஜைக்கு முன்னால் என்பது அப்போது முக்கியமாகப் படவில்லை.

ஆயுத பூஜை உரை

ஆயுத பூஜையைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அன்று காலை கடையில் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துவிட்டு வந்தேன். கடை என்றால் வாடிக்கையாளர் எதிர்பார்ப்பார்கள். அது வியாபாரம்.

சாயங்காலம் வீட்டில் மல்லிகா தையல் மிஷின்களுக்குப் பொட்டு வைத்துவிட்டு, "அந்த டெலஸ்கோப்பையும் கொண்டாந்து வைங்க. அதுவும் ஒரு சாமான்தானே" என்றாள்.

நான் ஓர் உரை நிகழ்த்தினேன். அறிவியல் கருவிக்கும் அரிவாள்மணைக்கும் உள்ள வித்தியாசம் பற்றி. பகுத்தறிவு பற்றி. நாடு ஏன் முன்னேறவில்லை என்பது பற்றி. தையல் கற்க வந்த பெண்கள் பொரியைக் கையில் வைத்தபடி கேட்டார்கள்.

"வேணாம்னா வுடுங்களேன். அதுக்கு எதுக்கு இத்தினி பேச்சு?" என்று சொல்லிவிட்டு மல்லிகா அக்கம்பக்கத்துக்குப் பொரி கொடுக்கப் போனாள். அவள் போனபின் நடந்ததை உரிய இடத்தில் சொல்கிறேன்.

பனமலையார் வருகை

அந்தக் கடைசிச் சாயங்காலத்துக்குத் திரும்புகிறேன். மல்லிகா டேப்பை மடித்துக்கொண்டிருந்தாள். தரணேந்திரன் சாப்பிட்டு முடித்த திருப்தியோடு நாற்காலியில் இருந்தார். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலில் ஒரு டார்ச் வெளிச்சம் ஏறி வந்தது, அதன் பின்னால் கோவிந்தன்.

"கடைக்குப் போனன். அட்டதான் தொங்குது. பக்கத்து டீக்கடையில கேட்டா, ஐயா மாடியில நட்சத்திரம் எண்ணுறார்ங்கறாங்க. இதோட ஒம்போது வாட்டி வந்துட்டன் தம்பி. பென்ஷன் வேற நின்னுடுச்சி, நான் இன்னா பண்ணுவன்? நான் செத்துட்டனா, இருக்கறனா? அத மட்டும் சொல்லிடு, போயிடறன்."

அவர் படி முடிவிலேயே நின்று, டார்ச்சை எனக்கும் தொலைநோக்கிக்கும் மாறி மாறி அடித்தார். டார்ச் சின்னத் தொலைநோக்கியில் நின்றது. அவர் இரண்டடி கிட்டே வந்தார்.

"இன்னா தம்பி இது, கண்ணு மேலயே சந்தனத்த அப்பி வச்சிருக்க? அப்புறம் அதுக்கு எப்பிடித் தெரியும்?"

மூவரும் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தோம். சின்னத் தொலைநோக்கியின் முகப்பில், குழலுக்குள் சற்று உள்வாங்கிய கண்ணாடியின் நட்ட நடுவில், காய்ந்து வெடித்த சந்தனம். அதன்மேல் மங்கிப்போன குங்குமம்.

தரணேந்திரன் சிரித்தார். "தங்கச்சி, ஆயுத பூஜைக்கு வச்சியா? நல்ல வேல பண்ண, போ."

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன். "நான் அன்னிக்கே படிச்சிப் படிச்சிச் சொன்னேன்" என்றேன்.

மல்லிகா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோவிந்தன் கையிலிருந்த டார்ச்சை வாங்கி, குனிந்து, துணியில் தையல் பிரிந்த இடத்தைப் பார்ப்பதுபோல அந்தப் பொட்டைப் பார்த்தாள்.

"நான் மோதிர விரல்ல வைப்பன். இது கட்டை விரல். நடுவுல குறுக்கால ஒரு வெட்டு வேற இருக்குது. கையக் காட்டுங்க."

என் வலது கட்டைவிரலில் பேப்பர் கட்டர் போட்ட தழும்பு ஒன்று குறுக்கே ஓடும். கையைப் பின்னால் கொண்டுபோகலாமா என்று நினைத்தேன். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காட்டினேன்.

கோவிந்தன் டார்ச்சை வாங்கி என் விரலில் அடித்தார். பிறகு கண்ணாடியில். பிறகு மறுபடி விரலில்.

"பொருந்துது" என்றார். "ஒனக்கு ஒடனே பொருந்திடுச்சி தம்பி."

நடந்தது இதுதான். ஆயுத பூஜையன்று மல்லிகா பொரி கொடுக்கப் போனதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. எல்லா மிஷினும் பொட்டோடு லட்சணமாக நிற்க, என் கருவி மட்டும் நெற்றி வெறிச்சென்று கிடந்தது. இதற்கு ஏதாவது ஆகிவிட்டால்? யாரும் பார்க்கவில்லை. கரெண்ட் வேறு போயிருந்தது. கற்பூர வெளிச்சத்தில் அவசரமாகச் சந்தனத்தைத் தொட்டு வைத்தேன். மூடியின்மேல் வைக்கிறோம் என்று நினைத்தேன். மூடி கழன்று பக்கத்தில் கிடந்திருக்கிறது. பிறகு அதை எடுத்துப் பத்திரமாக மூடியும் வைத்தேன். அதற்குப்பின் ஒவ்வொரு தடவையும் தெற்கில் நின்றபடியே கையை நீட்டி மூடியைக் கழற்றியிருக்கிறேன்.

பகுத்தறிவு உரை முடிந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

பச்சைக் கட்டம்

துடைத்தேன். ஈரத் துணி, பிறகு லென்ஸ் திரவம், பிறகு மெல்லிய துணி. மூன்று நிமிஷ வேலை, மூன்று மாதம் தள்ளி.

லேப்டாப் ஒரு மூச்சுகூட யோசிக்கவில்லை. ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துச் சுற்றிப் பச்சைக் கட்டம் போட்டது. மோட்டார் முனகிக்கொண்டு நாலு பக்கமும் அசைந்து பார்த்துவிட்டு, சொன்ன பேச்சு கேட்க ஆரம்பித்தது. கிழக்கே ஓரியன் என்கிற வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டம் நன்றாக ஏறியிருந்தது. அதன் இடைவாருக்குக் கீழே இருக்கிற நெபுலா என்ற வாயு மேகத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்பினேன். படம் திரைக்கு வந்தபோது நாலு தலைகள் லேப்டாப்பின்மேல் முட்டின. ரோஜா நிறத்தில் விரிந்த புகை, அதன் நடுவில் குத்தினாற்போல நட்சத்திரங்கள். ஒன்றுகூட நெளியவில்லை.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது சந்தோஷம் மட்டும் என்று சொல்லமாட்டேன்.

"இது எங்க இருக்குது?" என்றார் கோவிந்தன்.

கையை நீட்டிக் காட்டினேன். ரொம்ப தூரம் என்றேன்.

"அவ்ளோ தூரத்துல இருக்கறது வந்துடுச்சி. எதிர்ல நிக்கிற நான்தான் வர மாட்டன்றன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"நாளைக்குக் காலையில வாங்க" என்றேன். வாய்ப் பழக்கம்.

மல்லிகா குனிந்து படத்தை ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது. சொன்னது சொன்னதுதான். மாடி உங்களுது, வெல்டர வர வேணாம்னு சொல்லிடறன்." டேப்பைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கப் போனவள் நின்றாள்.

"கடையிலயும் அன்னிக்கி எல்லாத்துக்கும் நீங்கதான வச்சீங்க?"

போகி

மறுநாள் விடிந்ததும் கடையைத் திறந்தேன். தெருவெல்லாம் டயர் புகை. கைரேகை மெஷினை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன்.

அதன் சின்னக் கண்ணாடியில் மஞ்சளாக ஒரு படலம். ஆயுத பூஜைக்கு மறுநாள் துணியால் ஓர் இழுப்பு இழுத்திருக்கிறேன். குங்குமம் போயிருந்தது, சந்தனப் பசை போகவில்லை. அதன்மேல் மூன்று மாதமாக வயசான விரல்கள் அழுந்தி அழுந்தி மெழுகிவிட்டிருந்தன. ஓரத்தில் மட்டும், யார் விரலும் படாத இடத்தில், குறுக்கு வெட்டோடு அரை ரேகை தெரிந்தது. யாருடையது என்று ஒத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

துடைத்து முடிப்பதற்கும் கோவிந்தன் படியேறுவதற்கும் சரியாக இருந்தது. அவர் வேட்டியில் விரலைத் தேய்த்துவிட்டு வைத்தார். பச்சை விழுந்தது. முதல் தடவையிலேயே.

அவர் திரையையே பார்த்தார். "நான் இருக்கறனா?"

"இருக்கீங்க."

"சர்வர் வந்துடிச்சா தம்பி?"

சொல்லியிருக்க வேண்டும். சந்தனம் ஐயா, என் சந்தனம், என் விரல், ஒன்பது தடவையும் என் தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். முந்தின நாள் அகப்பட்டுக்கொண்டவனுக்கு இன்னொரு தடவை அகப்படத் தைரியம் இல்லை.

"வந்துடுச்சிங்க" என்றேன்.

அவர் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். நான் மல்லிகாவுக்குப் போன் செய்து, வெல்டரை வரச் சொன்னேன். "படம்தான் எடுத்துட்டீங்களே?" என்றாள். வரச் சொல் என்றேன். அன்று யாரிடமாவது எதையாவது தோற்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருந்தது. மெஷினும் அப்படித்தானா என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

இப்போது மாடியில் தூணைச் சுற்றி எட்டு மிஷின் நெருக்கியடித்து ஓடுகிறது. தூணில் கத்தரிக்கோல்கள் தொங்குகின்றன. அட்டையைப் போகியில் கொளுத்தத்தான் எடுத்துப் போனேன், திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். சர்வர் சில நாள் உண்மையாகவே வேலை செய்வதில்லை.

மாசி பிறந்தபின் ஒரு நாள் கோவிந்தன் ஒரு பை மல்லாட்டையோடு கடைக்கு வந்தார். பென்ஷன் விட்டுப்போனதும் சேர்ந்து வந்துவிட்டதாம். சொந்தக் கொல்லையில் விளைந்த பச்சை வேர்க்கடலை.

"இது ஒனக்கில்ல தம்பி. அந்த சர்வரப் பாத்துக்கறாங்களே, அவங்களுக்குக் குடுத்துடு. மூணு மாசமா கஷ்டப்பட்டுச் சரி பண்ணியிருக்காங்க."

மல்லிகா அதை உப்புப் போட்டு அவித்தாள். ஒன்றுகூட என் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். முழுப் பையையும் நான்தான் தின்றேன்.